உச்சமுனைக்குத் துணையில்லாமல்

கற்பிட்டிக்கு எத்தனை மணிக்கு பஸ் இருக்கிறது என்று நான் கேட்டால், யாரோடு போகிறீர்கள் என்று பதில் வரும். இதுவும் ஒரு பதிலா? நேரம் கேட்டவளுக்கு நேரத்தைச் சொல்லவேண்டும். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லவேண்டும். வவுனியா பஸ் நிலையத்தில் நேரம் குறிக்கிறவரிடம் கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அனுராதபுரம் போய்க் கேளுங்கோ. தனியவோ போறியள்?" என்றார். அனுராதபுரத்தில்தான் கேட்பதென்றால் இவரிடம் நான் எதற்காக வரிசையில் நின்றேன்?

எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. கலியாணம் கட்டவில்லை. டவுனில் ஒரு மருந்துக்கடையில் நிற்கிறேன். யாருக்குச் சீனி, யாருக்குப் பிரஷர், யார் மனைவிக்குத் தெரியாமல் என்ன குளிசை வாங்குகிறார் என்பதெல்லாம் எனக்குத் தெரியும், ஒருநாளும் வாய்விட்டதில்லை. சண்டைக் காலத்தில் அம்மாவைத் தூக்கிக்கொண்டு காடும் கரம்பையுமாக நடந்திருக்கிறேன். அப்போது துணைக்கு யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. இப்போது கொளுத்துகிற வெயிலில், பட்டப்பகலில், ஒரு அரச பஸ்ஸில் ஏறப்போகிறேன் என்றதும் ஊருக்கே நெஞ்சு பதறுகிறது.

எல்லாவற்றுக்கும் மூலகாரணம் தம்பியின் வான். நான் தம்பி குடும்பத்தோடு இருக்கிறேன். அவன் வாடகைக்கு வான் ஓட்டுகிறவன், நல்லவன், அதுதான் பிரச்சினையே. கெட்டவனென்றால் சண்டை பிடித்துக்கொண்டு எப்போதோ போயிருப்பேன். மடுவுக்கு வான், நல்லூருக்கு வான், கேதீச்சரத்துக்கு வான். எனக்கென்று ஒரு இடமும் உண்டு, கடைசி சீற்றில், சோற்றுப் பெட்டிக்கும் பிள்ளைகள் சத்தியெடுக்கிற பைக்கும் நடுவில். எங்கே நிறுத்துவது, எப்போது புறப்படுவது எல்லாம் முன்சீற்றில் தீர்மானமாகும். கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதுதான் ஹோர்ன் அடிப்பான்.

ஒருநாள் மருந்துக்கடையில் கூட்டமில்லாத நேரம் போனில் இலங்கைப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். புத்தளத்துக்கு மேலே கடலுக்குள் நீளமாக ஒரு நிலம் போகிறது. அதன் தலைமாட்டில் தீவுகள். அதில் ஒன்றுக்கு உச்சமுனை என்று பெயர் போட்டிருந்தது. பெயரே பிடித்துவிட்டது. அந்தப் பக்கம் எனக்கு யாரும் இல்லை, அங்கே போய்ப் பார்க்க ஒரு கோயிலும் எனக்கு இல்லை. ஆகவே வானில் கூட்டமாகப் போக ஒரு சாட்டும் இல்லை. அதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

வீட்டில் சொன்னேன். தம்பி மனைவி, என் மச்சாள், அகப்பையைக் கீழே வைத்தாள். தம்பி சிரித்தான். "அக்கா, வாற மாசம் எல்லாரும் போவம். வான் இருக்குத்தானே?" நான் வேண்டாம் என்றேன். கதை முற்றிக் கடைசியில் அவன் ஒரு நிபந்தனை போட்டான்: "சரி, போங்கோ. ஆனா வழியில மாட்டுப்பட்டு, வந்து கூட்டிக்கொண்டு போ எண்டு எனக்கு ஒரு கோல் வந்தால், அதோட இந்தக் கதை முடிஞ்சுது. பிறகு எங்க எண்டாலும் வான்தான்." கையடித்துக் கொடுத்தேன். ஒரேயொரு தடவை அவனை அழைத்தால் ஆயுளுக்கும் கடைசி சீற். அவ்வளவுதான் பந்தயம்.

பிறகுதான் தெரிந்தது, போவதைவிடப் போவதற்குத் திட்டம் போடுவது பெரிய பாடு என்று. இணையத்தில் தேடினால் எல்லாமே வெள்ளைக்காரருக்கு எழுதியது. பட்டத்தில் தொங்கிக்கொண்டு கடலில் சறுக்குவது எப்படி, டொல்பின் பார்ப்பது எப்படி, விமான நிலையத்திலிருந்து காரில் வருவது எப்படி. வவுனியாவிலிருந்து பஸ்ஸில் ஒரு மனிதப்பிறவி புறப்பட்டு வரும் என்று அதில் ஒருவரும் நினைத்ததாகத் தெரியவில்லை. கற்பிட்டியில் ஒரு விடுதிக்குப் போன் எடுத்தேன். "எத்தன பேர் மிஸ்?" ஒருவர். "ட்ரைவருக்கும் ரூம் வேணுமா?" ட்ரைவர் இல்லை. "அப்ப நீங்களேவா ஓட்டி வாறீங்க?" வாகனமே இல்லை என்றேன். மறுபக்கத்தில் அவர் யாரிடமோ ஏதோ சொல்லிவிட்டு, ரூம் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வதாகப் போனை வைத்தார். திரும்ப நான்தான் எடுத்தேன்.

எங்கள் கடைக்கு மருந்தெடுக்க வருகிற ஒரு முஸ்லிம் பெரியவர் புத்தளத்துக்காரர். கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதையாக, அவரிடம் பஸ் நேரம் கேட்டேன். "பஸ் டைம் என்னத்துக்கு மிஸ்? எங்கட தாத்தா பாலாவியில இரிக்கா. அவவுக்கு நான் ஒரு கோல் எடுத்து வெக்கிறன்," என்றார். அவர்கள் பேச்சில் தாத்தா என்றால் அக்கா. எனக்கு வேண்டியது பஸ். கிடைத்தது ஒரு அக்கா. அடுத்த நாளிலிருந்து அந்த அம்மா எனக்குப் போன் எடுத்து, இறால் சாப்பிடுவேனா, நண்டு சாப்பிடுவேனா என்று கேட்கத் தொடங்கினார். பஸ் நேரம் அவருக்கும் தெரியாது. மகன் மோட்டார் சைக்கிளில் கூட்டிக்கொண்டு போவானாம்.

ஆனாலும் அவர் மூலம்தான் கற்பிட்டியில் ஒரு படகுக்காரரின் இலக்கம் கிடைத்தது. வெள்ளிக்கிழமை காலை போய், தீவில் இரண்டு இரவு தங்கி, ஞாயிற்றுக்கிழமை வந்தால் திங்கள் வேலைக்கு நிற்கலாம். வெள்ளிக்கிழமையை நான் சும்மா பொறுக்கவில்லை. மச்சாள் பஞ்சாங்கம் பார்த்துச் சொன்ன நாள். செவ்வாய் ஆகாது, சனி ஆகாது, வெள்ளி மங்களமான நாள், கடல் கடக்கிற காரியம் அன்றைக்கென்றால் நல்லது என்றாள். தனியே போகிறவள் இதிலாவது வீட்டாருக்கு இணங்கிப் போகலாமே என்று சரி என்றேன். படகுக்காரரிடம் போனில், அவர்கள் முறைப்படி அண்ணனுக்கு நானா போட்டு, "வெள்ளிக்கிழமை வாறன் நானா" என்றேன். "வாங்க மிஸ், வாங்க" என்றார். இருவருக்கும் அவரவர் பேச்சு வடிவாக விளங்கியது என்று இருவரும் நம்பினோம்.

வியாழன் விடியப் புறப்பட்டேன். அனுராதபுரம், பிறகு புத்தளம், பிறகு கற்பிட்டி பஸ். அதுவரை ஒரு குறையும் இல்லை. ஜன்னல் சீற், என் பை என் மடியில், ஹோர்ன் அடிக்க யாரும் இல்லை. எனக்கு வந்த சந்தோஷத்துக்கு அளவில்லை, அதை ஒளிக்கவும் விரும்பவில்லை. பாலாவியில் உப்பளங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒரு கை ஜன்னலுக்குள் வந்தது. கையில் வாழையிலைப் பார்சல். அந்தத் தாத்தாதான். கொண்டக்டரிடம் என் அடையாளம் சொல்லி பஸ்ஸை நிறுத்திவைத்திருக்கிறார்.

"துணைக்கு ஒருத்தரும் இல்லையா மகள்?" என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி கேட்டார். இல்லை என்றேன். அவர் கொண்டக்டரைக் கூப்பிட்டார். கொண்டக்டர் எனக்குப் பக்கத்தில் இருந்த பெண்ணைக் கூப்பிட்டார். அந்தப் பெண் எத்தாளையில் இறங்கும்போது பின்சீற்றிலிருந்த வேறொரு பெண்ணிடம் என்னை ஒப்படைத்தார். தபாலில் போட்ட பொதியைப்போல் கைமாறிக் கைமாறிக் கற்பிட்டி போய்ச் சேர்ந்தேன். பார்சலில் இருந்த நெய்ச்சோறு மிக நன்றாக இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அதைச் சாப்பிட்டபடியே கோபப்பட்டேன்.

வெள்ளி காலை பையைத் தூக்கிக்கொண்டு படகுத்துறைக்குப் போனேன். படகுகள் எல்லாம் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. ஒரு ஈ காக்கை இல்லை. இரண்டு கழுதைகள் மட்டும் மீன்பெட்டிகளை முகர்ந்துகொண்டு நின்றன. அந்த ஊரில் கழுதைகள் கடைத்தெருவிலும் சொந்தக்காரரைப்போல நடமாடும். போன் எடுத்தேன். படகுக்காரர் குளித்து, வெள்ளைச் சாரம் உடுத்து, அத்தர் மணக்க வந்து சேர்ந்தார்.

"இண்டைக்கு ஜும்மா தானே மிஸ். வெள்ளிக்கிழம நாங்க கடலுக்குப் போற இல்ல."

"அப்ப ஏன் வெள்ளிக்கிழமை வாங்க எண்டு சொன்னீங்கள்?"

"நீங்க வெள்ளிக்கிழம வாறன் எண்டீங்க. கற்பிட்டிக்கு எண்டு நெனச்சன். வெள்ளிக்கிழம ஆரும் படகு கேப்பாங்களா?"

கேட்பார்கள். வவுனியாவிலிருந்து ஒரு முட்டாள் பஞ்சாங்கம் பார்த்துக்கொண்டு வந்து கேட்பாள். தொழுகை முடிந்து போகலாமா என்றேன். பின்னேரம் காற்று எழும்பிவிடுமாம், ஆண்பிள்ளைகளே போகமாட்டார்களாம். நாளைக்கு விடிய, இன்ஷா அல்லாஹ், என்றார். நான் அவரிடம் கத்தவில்லை. தொழுகைக்குப் போகிற மனிசனிடம் எப்படிக் கத்துவது? கழுதைகளைப் பார்த்துக் கத்தினேன். அவை அசையவில்லை.

அந்த நேரம் பார்த்துத் தம்பியின் அழைப்பு. "என்னக்கா, கடலுக்குள்ளயோ நிக்கிறியள்?" நான் கரையில் நின்றுகொண்டு, "ஓம், எல்லாம் நல்லாப் போகுது," என்றேன். "இல்லாட்டிச் சொல்லுங்கோ, வாறன்," என்றான். அந்தக் குரலில் இருந்த ஆவல் எனக்குப் பிடிக்கவேயில்லை. அந்த நாளை அங்கேயுள்ள ஒல்லாந்தர் கோட்டைச் சுவரோரமும் விடுதிக் கதிரையிலும் கழித்தேன். விடுதிக்காரர் மூன்று வேளையும் வந்து, எனக்குச் சுகமில்லையா என்று விசாரித்தார். தனியே ஒரு பெண் கதிரையில் இருந்து கடலைப் பார்த்தால் வருத்தக்காரியாகத்தான் இருக்கவேண்டும் போல.

சனி விடிய அரிசி மூட்டைகளுக்கும் ஐஸ் பெட்டிகளுக்கும் நடுவில் என்னையும் ஏற்றினார்கள். மச்சாள் ஆகாது என்ற சனிக்கிழமையில் கடல் குளம்போலக் கிடந்தது. உச்சமுனையில் இறங்கியபோது எனக்கு முன்னால் மணல், கொஞ்சம் குடிசைகள், காய்கிற வலைகள், ஒரு சிறிய தேவாலயம், அப்பால் கடல். அதற்கு மேல் போக நிலம் இல்லை. நான் செருப்பைக் கழற்றிவிட்டு நின்ற அந்தக் கொஞ்ச நேரத்துக்காகத்தான் இவ்வளவு பாடும். கண் கலங்கியது. யாரும் பக்கத்தில் இல்லாதது எவ்வளவு நல்லது என்று நினைத்தேன்.

படகுக்காரர் எனக்குத் தங்க ஒழுங்கு செய்திருந்தது ஒரு மீனவர் வீட்டில். கிறிஸ்தவக் குடும்பம், புருஷன் கடலுக்குப் போகிறவர், மனைவிக்கு நாற்பது வயது இருக்கும். அவள் என் பையை வாங்கும்போதே கழுத்தில் இருந்த வீக்கம் கண்ணில் பட்டது. முட்டையளவு கழலை. மருந்துக்கடைக்காரியால் அதைப் பார்க்காமல் இருக்க முடியாது, கேட்காமலும் இருக்க முடியாது. "டொக்டருக்குக் காட்டினீங்களா?" என்றேன்.

"புத்தளம் ஆஸ்பத்திரியில திகதி தந்தாங்க மிஸ். ரெண்டு தரம் தவறிப் போச்சு. திங்கக்கிழம கிளினிக். அவருக்குத் தொழில் விட ஏலாது. துணைக்கு ஆருமில்ல."

எனக்கு அந்தச் சொல்லைக் கேட்டதும் பற்றிக்கொண்டு வந்தது. பஸ் இருக்கிறது, படகு இருக்கிறது, இரண்டு காலும் நன்றாக இருக்கிறது, துணை எதற்கு என்றேன். அவள் என்னை ஏதோ வெளிநாட்டுக்காரியைப் பார்ப்பதுபோலப் பார்த்து, தேங்காய்ப்பூச் சம்பலும் பாணும் கொண்டுவந்து வைத்தாள்.

ஞாயிறு காலை பையைக் கட்டிக்கொண்டு கரைக்குப் போனேன். படகுகள் எல்லாம் மணலில் ஏற்றிக் கிடந்தன. இந்தக் காட்சியை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன். கழுதைகள் மட்டும்தான் இல்லை. மனிசர் எல்லாரும் வெளுத்த உடுப்போடு தேவாலயத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை அந்த மீன்வாடியில் யாரும் படகு தள்ளமாட்டார்களாம். அக்கரையிலிருந்து இன்றைக்கு ஒன்றும் வராதாம்.

சாண் ஏற முழம் சறுக்கும் என்பார்கள். மூன்று நாளில் மூன்று மதத்து நல்ல நாட்களிலும் முட்டிக்கொண்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். கடவுளரிடம் சண்டை பிடிக்க முடியாது, திட்டம் போட்டவளிடம்தான் பிடிக்கவேண்டும், அந்தச் சனியனும் நானே. இடையில் தம்பிக்கு ஒரு கோல் எடுத்தால் கற்பிட்டிக் கரைக்கு வான் வந்து நிற்கும் என்ற நினைப்பு ஒருமுறை வந்துபோனது. பல்லைக் கடித்துக்கொண்டு, மருந்துக்கடை முதலாளிக்கு மட்டும் போன் எடுத்துத் திங்கள் வரமாட்டேன் என்று சொன்னேன்.

பூசை முடிந்து வந்த புருஷன் எனக்கு எதிரில் குந்திக்கொண்டு கதைத்தார். "மிஸ் உண்மையாவே தனியாவா வந்தீங்க? பயமில்லையா?" தலையை ஆட்டி ஆட்டி அதிசயப்பட்டார். அடுத்த மூச்சில் மனைவியைப் பார்த்து, "நாளைக்கு மிஸ் போறா தானே, அவவோட கிளினிக்குக்குப் போயிட்டு வா," என்றார். அவளுக்கு முகமெல்லாம் பூரிப்பு. எனக்கு விளங்கவில்லை. நான் தனியே வருவது ஆபத்து. அவள் தனியே போவது ஆபத்து. இரண்டு தனியையும் சேர்த்துக் கட்டினால் துணை. இந்தக் கணக்கை எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தார்கள்?

எனக்கு விருப்பமில்லை. அதை இங்கே மறைப்பதில் பிரயோசனம் இல்லை. போன வழியில் கைமாறிக் கைமாறிப் போனதுதான், வருகிற வழியாவது முழுக்க எனக்கே என்று வைத்திருந்தேன். ஆனால் மூன்றாம் தரமும் திகதி தவறினால் அந்தக் கழலைக்குள் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாமலே போகும். சரி என்றேன்.

திங்கள் முழுவதும் அவள் என் முழங்கையைப் பிடித்தபடியே வந்தாள். பஸ்ஸில் சத்தியெடுத்தாள். நான் மடியில் பையை விரித்துப் பிடித்தேன், அந்த வேலையில் எனக்கு நல்ல பழக்கம். ஆஸ்பத்திரி மரவாங்கில் மத்தியானம் வரை குந்தியிருந்தோம். அவள் டொக்டரிடம் உள்ளே போயிருந்த நேரம் தம்பி எடுத்தான்.

"எங்கயக்கா நிக்கிறியள்?"

"புத்தளம் ஆஸ்பத்திரியில. ஒரு..."

அவ்வளவுதான். போனில் சார்ஜ் தீர்ந்தது.

டொக்டர் அவளுக்கு ஊசி குத்தி எடுத்துச் சோதிக்கவேண்டும் என்று அடுத்த மாதம் திகதி கொடுத்திருந்தார். மருந்துக்கு நீள வரிசையில் நின்று வாங்கிக்கொண்டு பின்னேரம் வாசலுக்கு வந்தபோது எங்கள் வான் உள்ளே திரும்பியது. தம்பி கதவைக்கூட மூடாமல் ஓடி வந்தான், முகம் வெளிறிப் போயிருந்தது. என்னைத் தொட்டுப் பார்த்தான். ஆனால் எனக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்த மறுகணமே அவன் நிமிர்ந்துகொண்டான். பக்கத்தில் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றவளைப் பார்த்தான்.

"ஆஸ்பத்திரி வரைக்கும் வந்தாச்சு. துணைக்கும் ஒரு ஆளைப் பிடிச்சிருக்கிறியள். நான் அப்பவே சொன்னன்."

அவளை நாங்கள் வானில் கற்பிட்டிக்குக் கொண்டுபோய் அவளுடைய சொந்தக்காரக் கிழவி ஒருவரின் வீட்டில் விட்டோம். வழி முழுக்க நான் விளக்கினேன். நான் உன்னைக் கூப்பிடவில்லை, நான்தான் அவளுக்குத் துணை, அவள் எனக்கு இல்லை. அவளும், "மிஸ் இல்லாட்டி நான் வந்திருக்கவே மாட்டன்," என்றாள். தம்பி எல்லாவற்றுக்கும் "ஓமோம்" என்றான். வவுனியா வந்து சேர்ந்தபோது நான் கடைசி சீற்றில் தூங்கிப் போயிருந்தேன். வீட்டுக் கதையில் இன்றைக்கும் அது அக்கா புத்தளத்தில் மாட்டுப்பட்டு வான் போய் ஏற்றி வந்த பயணம். பந்தயத்தில் நான் தோற்றதாகவே முடிவு. அடுத்தது திருகோணமலை என்று நான் வாய் திறந்தபோது, "வான் இருக்குத்தானே," என்று மச்சாள் சொல்லிவிட்டாள்.

சில கிழமைகளால் தீவிலிருந்து கோல் வந்தது. "மிஸ், திகதி வருது."

நான் அவளுக்கு எல்லாம் சொன்னேன். வெள்ளியும் ஞாயிறும் அல்லாத நாளாகத்தான் வருகிறது, விடிய எந்தப் படகு, பஸ்ஸில் முன்பக்கம் இருந்தால் சத்தி வராது, ஆஸ்பத்திரி வாசலில் எந்தப் பக்கம் திரும்புவது. போன முறை எல்லாம் பார்த்தீர்கள்தானே, நீங்கள் தனியே போகலாம் என்றேன். பொறுமையாகக் கேட்டாள். ஓம் ஓம் என்றாள். பிறகு கேட்டாள்:

"அப்ப துணைக்கு ஆரு மிஸ்?"

போனை வைத்துவிட்டு அன்று முழுக்கக் கடையில் எல்லோர்மீதும் எரிந்து விழுந்தேன். இரவு சாப்பாட்டின்போது சொன்னேன், அடுத்த மாதம் நான் கற்பிட்டிக்குப் போகவேண்டும். தம்பி ஆணியில் தொங்கிய வான் திறப்பைப் பார்த்தான்.

"வான் வேண்டாம்," என்றேன். "அந்தப் பிள்ளையைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போகவேணும். அவளுக்குத் துணையில்லை."

"ஐயோ பாவம்," என்றான் தம்பி. "அதுகள் தனியப் போகப் பயப்பிடும்தான். போட்டு வாங்கோ அக்கா."

மச்சாள் எனக்கு இன்னொரு கரண்டி சோறு போட்டாள். வவுனியாவிலிருந்து கற்பிட்டி வரைக்கும் எனக்கு யார் துணை என்று இருவரும் கேட்கவில்லை.